டூரினில் அம்மா பார்த்த பொம்மை

டூரின்
12 ஜனவரி 2025

அக்கா,

இல்லை, பொம்மை இல்லை. நீ சந்தேகப்பட்டது சரி. அது செத்த ஆள்.

"போட்டோவில் அம்மா பக்கத்தில் கண்ணாடிக்குள் கிடப்பது என்ன?" என்று நேற்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். போனில் பதில் போடவில்லை. உன் போன் சத்தம் போட்டால் முதலில் எடுப்பது அம்மா. எழுத்துக் கூட்டிப் படிப்பதும் அம்மா. அதனால் உன் பள்ளிக்கூட மின்னஞ்சலுக்கு எழுதுகிறேன். நீயும் இதிலேயே எழுது.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அம்மா பட்டமளிப்புக்கு வந்து இறங்கிய அன்றே கேட்டாள்: "இங்க மொத்தம் எத்தனை பாயிண்டு புள்ள?" நம் மலையூர் டாக்ஸிக்காரர்கள் சுற்றிப் பார்க்கப் பன்னிரண்டு பாயிண்ட் காட்டுகிறேன் என்று ஏரிக்கரையில் ஆள் பிடிப்பார்களே, அந்தக் கணக்கு. அட்டுவம்பட்டியில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லியே பழகியவள். எந்த ஊரும் அவளுக்குப் பாயிண்டுகளால் ஆனதுதான்.

காட்டினேன். மோலே கோபுரம். நடுக்கூடத்தின் வெறும் காற்றில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும் கண்ணாடி லிஃப்ட். மேலே போகும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும் ஆல்ப்ஸ். "நம்ம பக்கம் மேகம் அலையும். இங்க கெட்டியாப் போயிருச்சு" என்றாள். பலாட்சோ மதாமா. முன்பக்கம் அரண்மனை, பின்பக்கம் பழைய கோட்டை. சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முன்னாடி பவுடரு போட்டுக்கிட்டு பின்னாடி மூஞ்சி கழுவலையா?" என்றாள். நான் சிரித்தேன். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன.

கதீட்ரலில் பூட்டிய பேழை. "உள்ள என்ன?" என்றாள். இறந்த ஏசுவின் உடலைச் சுற்றிய துணி என்று நம்புகிறார்கள், என்று சொல்லியிருக்க வேண்டும். "பழைய துணிம்மா" என்று நிறுத்திக்கொண்டேன். அப்போதே பழகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அரசரின் ஆயுதசாலை. கவசம் பூட்டிய குதிரைகள் வரிசையாக. "உசுருக் குதிரையா?" "பொம்மைம்மா. மரத்துல செஞ்சு தோல் போத்துனது." அது உண்மை.

மறுநாள் எகிப்திய அருங்காட்சியகம்.

மார்கழி முதல் தேதி அம்மா குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் மாலை போட்டது உனக்காக. உன் வயிற்றில் இருப்பது இந்த முறை தங்க வேண்டும் என்று. டிக்கெட் அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டதால் மாலையோடே விமானம் ஏறினாள். பச்சைச் சேலை, கழுத்தில் மாலை, நெற்றி நிறையத் திருநீறு, மேலே என் குளிர்ஜாக்கெட். செருப்பு கூடாது என்று பிடிவாதம். ஷூ போட வைப்பதற்குள் ஒரு பகல் போயிற்று.

மாலை போட்டவர்கள் பிணம் பார்க்கக் கூடாது. பார்த்தால் விரதம் கெட்டது. எனக்குத் தெரியும். பழனி நடைக்கு ஆள் கூட்டிப்போகும் நல்லசாமி அண்ணன் மாலையோடு இருந்தபோது சொந்தப் பெரியப்பா சாவுக்குக்கூட வராமல் தெருமுனையில் நின்று அழுததை நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

மறந்துவிட்டேன் என்று இங்கே ஒரு வரி எழுதினேன். அழித்துவிட்டேன். மறக்கவில்லை. அதை நினைக்காமல் நடந்தேன்.

கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒருவன் ஒருக்களித்து, முழங்காலை மார்போடு மடக்கிப் படுத்திருக்கிறான். துணி சுற்றவில்லை. தோல் அப்படியே. அம்மா நின்றுவிட்டாள். "இது யாரு?"

என் வகுப்புத் தோழி கியாரா கூட வந்திருந்தாள். அம்மா என்ன கேட்கிறாள் என்று கேட்டாள். என் அம்மா இங்கே நிற்கக் கூடாது, உடனே வெளியேற வேண்டும், ஏனென்றால், என்று நான் விளக்க வேண்டும். கியாரா சிரித்திருக்க மாட்டாள். ஆர்வமாகக் கேட்டிருப்பாள். தலையை ஒருபக்கம் சாய்த்து, அம்மாவின் நெற்றியையும் மாலையையும் புதிதாகப் பார்த்து, இன்னும் சொல் என்றிருப்பாள். அந்த ஆர்வத்தை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அந்தக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவும் நானும் போய் நின்றுகொள்வது மாதிரி.

"பொம்மைம்மா. மெழுகு" என்றேன்.

அம்மா நம்பினாள். உடனே நம்பினாள். மூக்கு கண்ணாடியில் படக் குனிந்தாள். "நெகத்தப் பாரேன்! எம்புட்டு நுணுக்கமா செஞ்சிருக்கான். இதே சோலியா உக்காந்து செஞ்சிருக்கணும்." பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். "சிரிம்மா" என்றேன்.

என்ன செய்யட்டும், சொல்.

பிரியா


அட்டுவம்பட்டி
15 ஜனவரி

பிரியா,

உன் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். கோபம் அடங்கட்டும் என்று இரண்டு நாள் விட்டேன். அடங்கவில்லை. பொங்கல் கூட்டம், இரண்டு அறையும் நிறைந்து கிடக்கிறது. அம்மாவுக்குச் சுக்குக்காபி போடவே நேரம் சரியாக இருக்கிறது. என்னை எழுந்து ஒரு டம்ளரைக்கூடக் கழுவ விடுவதில்லை. படுத்துக்கொண்டே தட்டச்சு செய்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் போட்டோ இப்போது போனில் மட்டும் இல்லை. ஏழு ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, முன்னறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். நீ பட்டம் வாங்கிய படம் அதற்குக் கீழே சின்னதாக இருக்கிறது. அறைக்கு ஆள் வந்தால் சாவி கொடுப்பதற்கு முன்னால் படத்தைக் காட்டுகிறாள். "எம் மக படிச்ச ஊரு. அம்புட்டும் மெழுகு. எந்திரிச்சுப் பேசிருவான் போல இருக்கும்."

நேற்று கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று. கல்லூரியில் படிக்கும் மகள் படத்தைப் பார்த்தாள், தன் அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அம்மா காபி எடுக்க உள்ளே போனதும் சிரிப்பு. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். வெளியே போய் என்ன சொல்வது? சிரிக்காதீர்கள், அது நிஜப் பிணம்தான், எங்கள் அம்மாவுக்கு மட்டும் தெரியாது என்றா? தட்டோடு வந்த அம்மா, "என்ன, எம் படத்தப் பாத்துச் சிரிக்கிறீங்களா? அந்த ஜாக்கெட்டுல நான் மூட்டை மாதிரிதான் இருக்கேன்" என்று சொல்லித் தானும் சிரித்தாள். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

எனக்குக் காது வரை சுட்டது. அவர்கள் மேல் கோபமில்லை. உன் மேல்.

கிரகணத்தன்று பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் முறுக்கு தின்ன வைத்த அறிவியல் டீச்சர் நான். யாரோ ஒருவனின் உடம்பை அம்மா பார்த்ததால் என் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு முறை போய்விட்டது பிரியா. இது மூன்றாவது. அதைப் பற்றி அம்மாவும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. பேச வராது. அவள் கழுத்தில் இருக்கும் மாலையைத்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். அதைப் போய்க் கழற்றச் சொல்லும்படி நீ பண்ணி வைத்திருக்கிறாய்.

சொல்லாதே. பிப்ரவரி பதினொன்று தைப்பூசம். எட்டாம் தேதி நல்லசாமி அண்ணன் குழுவோடு பழனிக்கு நடந்து இறங்குகிறாள். வடகவுஞ்சி வழி. போய்ச் சேரட்டும். கும்பிட்டுத் திரும்பட்டும். அதுவரை வாயைத் திறக்காதே. உனக்கு அது நன்றாக வரும்.

இன்னொன்று. அந்தக் கியாரா யாரென்று எனக்குத் தெரியாது. நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். ஆனால் அவள் முகத்துக்காக அம்மாவின் முகத்தை விற்றிருக்கிறாய்.

ஜோதி


டூரின்
20 ஜனவரி

அக்கா,

உன் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சனிக்கிழமை தனியாக அங்கே போனேன். அவன் முன்னால் நின்றேன். போன முறை விளக்கப் பலகையைக்கூடப் படிக்கவில்லை. படித்தேன். எகிப்துக்கு அரசர்கள் வருவதற்கு முந்தைய காலத்தவன். பெயர் இல்லை. பக்கத்தில் ஒரு குடும்பம். தகப்பன் குரலைத் தாழ்த்திப் பேசினான். நான் அம்மாவைச் சிரிக்கச் சொன்ன இடம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அழைத்தாள். "அந்தப் பொம்மை செஞ்சவன் இன்னும் இருக்கானா?"

"இல்லம்மா."

"அவன் புள்ளகுட்டிகளுக்கு ஏதும் குடுக்குறாங்களா? இத்தன பேரு டிக்கெட்டு வாங்கிப் பாக்குறாங்களே."

குடுக்கறாங்க என்றேன். நிறுத்தியிருக்கலாம். இங்கே மெழுகு வேலை பரம்பரையாகச் செய்கிறார்கள் என்றேன். தேன்மெழுகு என்றேன். ஒரு தெருவே இருக்கிறது என்றேன். ஒரு சொல்லை மறைக்க ஒரு பட்டறையையே கட்டி, அதில் ஆட்களையும் உட்கார வைத்துவிட்டேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்றாள். அவள் "அப்படியா" என்பது உனக்குத் தெரியும். முழுதாக வாங்கிக்கொண்டு சொல்வது.

வாயைத் திறக்காதே என்றாய். திறந்தால் இதுதான் வருகிறது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று சொன்னாள். நான் உனக்குச் சொல்லவில்லை. கடல் தாண்டுவது இது இரண்டாவது முறை என்றாள். முதல் முறை ஆறு வயதில், நுவரெலியா தேயிலைத் தோட்டத்து லயத்தைக் காலி பண்ணிக்கொண்டு, தலைமன்னாரிலிருந்து கப்பலில். "மண்டபம் கேம்ப்புல எறக்குனதும் வரிசையா நிப்பாட்டி நாக்க நீட்டச் சொன்னாங்க, கண்ண விரிக்கச் சொன்னாங்க. எங்கள எல்லாரும் பாத்தாங்க. நாங்க ஒண்ணும் பாக்கல. இப்பத்தான் நான் ஒரு ஊரப் போயிப் பாக்குறேன்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொம்மை என்று நான் சொல்லி நாலு நாள் ஆகியிருந்தது. கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அன்று அவளால் எனக்கு வெட்கம். இன்று என்னால் எனக்கு வெட்கம். இரண்டும் வேறு என்று நம்பப் பார்க்கிறேன். இரண்டிலும் நான் எப்படித் தெரிகிறேன் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்லிவிடுகிறேன் அக்கா. அந்தப் படத்தையாவது முதலில் எடுத்துவிடு.

பிரியா


அட்டுவம்பட்டி
25 ஜனவரி

பிரியா,

படத்தை எடுத்தேன். சுவரில் ஈரம் ஏறுகிறது, படம் கெட்டுவிடும் என்று சொல்லி பீரோவுக்குள் வைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் திரும்பவும் அதே ஆணியில். பின்னால் பாலிதீன் தாள் வைத்து ஒட்டியிருக்கிறாள். "நீ டீச்சரு, ஒனக்கு யோசன சொல்லத்தான் தெரியும்" என்றாள்.

இப்போது நான் சொல்வதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ணாதே. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் இரத்தம் பட்டது. கொஞ்சம்தான். டாக்டரிடம் போனோம். குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது, படுத்தே இருங்கள் என்றார். என் வீட்டுக்காரரும் பாலசமுத்திரத்துக் கடையை மூடிவிட்டு மேலே வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். இப்போது ஒன்றுமில்லை.

ஆனால் அன்று வண்டியில் திரும்பி வரும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? போனில் தேடினேன். மாலை போட்டவர் பிணம் பார்த்தால் பரிகாரம் என்ன, என்று. நான். ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் போய்ப் போய் வந்தது. பக்கத்தில் அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். எதைத் தேடுகிறேன் என்று அவள் பார்த்துவிடாதபடி திரையைத் திருப்பி வைத்துக்கொண்டேன். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது சொன்னால் என்னைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? உன்னிடம் சொல்கிறேன். உனக்கு முன்னால் கொஞ்சம் அசிங்கப்படலாம் என்று இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. நல்லசாமி அண்ணன் நடைக்கு ஆள் கணக்கெடுக்க வந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, ஒரு சிநேகிதி கேக்கச் சொன்னா. மாலை போட்டவங்க தெரியாம பொணத்தப் பாத்துட்டா என்ன செய்யணும்?"

"தெரியாமன்னா? லாரில அடிபட்டுக் கெடந்துச்சா?"

"இல்ல. வேற ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டுப் பாத்துட்டாங்களாம்."

"மாடுன்னு நெனச்சுக்கிட்டா?" என்று சிரித்தார். பிறகு சொன்னார். "மாலையக் கோயில்ல கழட்டிக் குடுத்துட்டுத் தலைக்கு ஊத்திக்கணும். அடுத்த வருசம் போடலாம். சாமி ஒண்ணும் கோச்சுக்காது. ஆனா அது பொணம்னு அந்தப் பொம்பளைக்குத் தெரியாதுங்குற, ஒஞ் சிநேகிதிக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். படத்தைத்தான் பார்த்தாரா, முருகனைத்தான் பார்த்தாரா, தெரியாது. "சரி, வெள்ளனே கெளம்பணும்னு அம்மாகிட்ட சொல்லிரு" என்று போய்விட்டார்.

நீ சொல்ல வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதினேன். இப்போது எனக்குத் தெரியவில்லை. உன் இஷ்டம் என்று சொல்வது கோழைத்தனம். அதைத்தான் சொல்கிறேன்.

ஜோதி


டூரின்
29 ஜனவரி

அக்கா,

நேற்று அழைத்தேன். சொல்வதற்காகத்தான்.

"இரு, பாப்பம்மாக்கா வந்திருக்கு, ஒன்னையப் பாக்கணுமாம்" என்று போனைத் திருப்பினாள். நடைக்குப் போகும் பெண்கள் ஐந்தாறு பேர் திரைக்குள். எல்லாரும் பச்சை. அம்மா நடுவில். "எம் மக. எல்லாப் பாயிண்டும் அதுதான் காட்டுச்சு. என்ன கேட்டாலும் பதில் வெச்சிருக்கும்."

எல்லாரும் எனக்குக் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியா


அட்டுவம்பட்டி
5 பிப்ரவரி

பிரியா,

இனி நீ மட்டும் இல்லை. நானும்.

இன்று காலை நடைக்குழுப் பெண்களுக்கு நம் வீட்டில் சாப்பாடு. முன்னறையில் வரிசையாக இலை போட்டிருந்தது. மேல் அறையில் சென்னையிலிருந்து வந்த வயதான தம்பதி தங்கியிருக்கிறார்கள். அவர்களையும் அம்மா விடாமல் உட்கார வைத்தாள். அந்த ஐயா நல்ல மனிதர். சத்தமாகக்கூடப் பேச மாட்டார். அம்மா வழக்கம்போலப் படத்தைக் காட்டி மெழுகுக் கதையைச் சொன்னாள். நீ கொடுத்த தேன்மெழுகுத் தெரு உட்பட.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்துபோய்ப் பார்த்தார். "இல்லம்மா, இது மெழுகு இல்ல. நாங்க ஒரு தடவை அந்த ஊருக்குப் போயிருக்கோம். இது நிஜமான உடம்பு. பதப்படுத்தினது" என்றார்.

யாரும் சாப்பிடவில்லை. பாப்பம்மாள் அக்கா கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டது. "ஏண்டி மாரியாயி..." என்று அம்மாவைப் பார்த்து இழுத்தது.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் சந்தேகப்படவில்லை பிரியா. அவருக்காக வெட்கப்பட்டது மாதிரிதான் இருந்தது. "சார், எம் மக அந்த ஊருலயே இருந்து படிச்சது. ஒரு நாளு போயிட்டு வந்த ஒங்களுக்குத் தெரிஞ்சது அதுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "நான் மாலையோட நிக்கிறேன். பொணமா இருந்தா எம் புள்ள என்னைய அங்க கூட்டிட்டுப் போகுமா? நீங்களே சொல்லுங்க."

அறைக் கதவருகே நான் நின்றிருந்தேன். "நீ சொல்லு புள்ள" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பொம்மைதாம்மா. பிரியா எங்கிட்டயும் சொன்னா" என்றேன்.

அந்த ஐயா என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு டீச்சர் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே, "அப்ப நான்தான் வேற எதையோ நெனச்சுக் குழப்பிக்கிட்டேன். வயசாச்சு, மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். பெண்கள் ஒரேயடியாகச் சிரித்தார்கள். அம்மா வெற்றியோடு அவர் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள். "தோத்தவங்களுக்கு ரெண்டு கரண்டி" என்றாள். அவர் குனிந்து சாப்பிட்டார். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

உன்னைத் திட்டி எழுதியதை எல்லாம் எடுத்துப் படித்தேன். கியாரா முகத்துக்காக என்று எழுதியிருந்தேன். நான் யார் முகத்துக்காகச் சொன்னேன்? குழந்தைக்காக என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. அந்தப் பெண்கள் முன்னால் அம்மா ஏமாந்தவளாக நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அதைவிட, அதை மறைத்தவளாக என்னால் நிற்க முடியவில்லை.

நாளைக்கு மறுநாள் அவளுக்கு மூட்டை கட்டும் வேலை. எட்டாம் தேதி விடியும்முன் கிளம்பிவிடுவாள். இப்போது நான் சொன்னால் என் பொய்யும் வெளியே வரும், அதனால் என்னால் முடியாது. அசிங்கமான காரணம். உண்மையான காரணம்.

எல்லார் முன்னாலும் உன் மேல் சத்தியம் பண்ணாத குறையாகப் பேசினாள் பிரியா. அந்த நம்பிக்கையோடு அவ்வளவு தூரம் அவளை நடக்க விடலாமா?

ஜோதி


டூரின்
7 பிப்ரவரி

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நீ இதைப் படிக்கும்போது அம்மா உன் அறைக்கு வந்துபோயிருப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன். நீ என் சார்பில் எதையும் ஊகிக்கக் கூடாது.

மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். காலுக்குத் தடவ எண்ணெய், மாற்றுச் சேலை, போர்வை என்று சொல்லிக்கொண்டே போனாள். "நீ என்ன இந்நேரத்துக்கு? வேலைக்குப் போகலையா?"

"அம்மா, அது பொம்மை இல்ல."

"எது?"

"படத்துல இருக்கறது. செத்த ஆளு. எனக்கு அப்பவே தெரியும்."

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அதை யாரும் இறக்கவில்லை. திரும்ப அடித்தது.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்றாள்.

"ஆம்பளை."

"பேரு?"

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

"ஒரு மனுசன் செத்துக் கெடக்கான். அவன் பக்கத்துல நின்னு பல்லக் காட்டியிருக்கேன். சொவத்துல மாட்டி, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டி, நெகம் நல்லாருக்கு, முடி நல்லாருக்குன்னு..." விரதத்தைப் பற்றிப் பேசுவாள், உன்னைப் பற்றி அழுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் தயாராக இருந்தேன். விரதம் அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. அவன்தான் வந்தான்.

"அந்த சாரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. அவரப் போயி..." என்றாள். பிறகு, "ஏன் புள்ள அப்படிச் சொன்ன?"

பதில்கள் வைத்திருந்தேன். நீ பயந்துருவன்னு நெனச்சேம்மா என்று ஒன்று. அவசரத்துல வந்துருச்சு என்று ஒன்று. அவற்றை விட்டுவிட்டேன்.

"ஒன்னோட நிக்க வெக்கமா இருந்துச்சும்மா" என்றேன்.

"எதுக்கு?" என்றாள். கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "நீ சொன்னன்னு ஷூ போட்டுக்கிட்டுத்தான வந்தேன்?"

அழுதேன். எனக்கு அழ உரிமை இல்லை என்று தெரிந்தே அழுதேன். அவள் காத்திருந்தாள். சமாதானம் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வாள்.

"ஜோதிக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வந்தேன் அக்கா. நாக்கு நுனியில் இருந்தது. "தெரியும்" என்றேன். மன்னித்துக்கொள். இல்லாவிட்டால் விட்டுவிடு.

"அதுதான் அன்னிக்குச் சாப்பிடாமப் போயிப் படுத்துருச்சு" என்றாள். நீ பொய் சொன்னதை அவள் சொல்லவில்லை.

நடக்கிறாளா என்று கேட்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. "மாலையச் சாயங்காலமே குறிஞ்சி ஆண்டவருகிட்ட கழட்டிக் குடுத்துருவேன். பாப்பம்மாகிட்டயும் மத்தவங்ககிட்டயும் நானே சொல்லுறேன், நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீங்க. நடக்குறது நடப்பேன். எதையும் கேக்காம நடப்பேன்." பிறகு, "ஜோதி புள்ளைய ஆண்டவரு பாத்துக்குவாரு, பாக்காமயும் போவாரு. நான் என்ன பண்ண?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

ஆணியிலிருந்து படத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. எங்கே வைத்தாள் என்று தெரியாது. கிழித்திருக்க மாட்டாள். அதில் ஒரு ஆள் இருக்கிறான்.

இன்னும் ஏதாவது திட்டுவாள் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"நீயும்தான பாத்த?" என்றாள். "அன்னிக்கு ரூமுக்கு வந்து குளிச்சியா?"

"இல்லம்மா."

"அப்படியேவா கெடக்க இத்தன நாளா? வை போன. போயி மொதல்ல தலைக்கு ஊத்து."

வைத்தேன். போய்த் தலைக்குக் குளித்தேன்.

பிரியா